புறவாசல் தொட்டி மீன்கள்

ஜூலை 14

கோயில் தெப்பக்குளத்தைத் தூர்வார ஆரம்பித்திருக்கிறார்கள். படி சரிந்து பல வருஷமாகிறது, இப்போதுதான் மனசு வந்திருக்கிறது. அந்தக் குளத்து மீனை எங்கள் ஊரில் யாரும் தொடமாட்டார்கள். சாமி மீன். பொரி போடுவதோடு சரி. தண்ணீர் வற்றியதும் அவை சேற்றில் கிடந்து துடித்தன. வீட்டில் தொட்டியோ கிணறோ உள்ளவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுபோய் வைத்திருந்து, மழையில் குளம் நிறைந்ததும் திரும்ப விடவேண்டும் என்று கோயில் வாசலில் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். எனக்கு எதற்கு வம்பு என்று நான் மெல்ல நழுவி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் வடிவு படுத்தபடியே கேட்டாள். "எப்பா, நமக்கும் கொஞ்சம் கொண்டாங்களேன். பாத்துக்கிட்டாவது கெடப்பேன்."

வடிவு என் ஒரே மகள். இப்போது நாலாம் மாதம். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறது, பிரசவம் வரை படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கோமதிநாயகத்துக்குப் புனேயில் வேலை. அவளுடைய அம்மா இல்லை. அதனால் என்னிடம் வந்திருக்கிறாள். இதற்கு முன் இரண்டு தடவை ஆறாம் மாதத்தில் தங்காமல் போனது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

திரும்பிப் போய்ப் பால் கேனில் கொஞ்சம் கெண்டை மீன் வாங்கி, ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக் கொண்டுவந்தேன். புறவாசலில், கிணற்றை ஒட்டி, துணி துவைக்க என் அப்பா கட்டிய பெரிய சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. வடிவு படுத்திருக்கும் அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரே. அதில் விட்டேன். எங்கள் சைவ வீட்டுக்குள் மீன் வருவது இதுதான் முதல் தடவை.

ஜூலை 16

என் அக்கா பிரமு வந்து சேர்ந்தாள். வடிவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், வந்த வேகத்தில் சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றிவிட்டாள். சீனி எங்கே இருக்கிறது என்று எனக்கு இனிமேல் தெரியாது.

ஜூலை 21

காலையில் புறவாசல் மதிலில் ஒரு சாம்பல் நாரை நின்றது. தெப்பக்குளத்தில் பார்த்த அதே ஆள். குளம் காய்ந்ததும் மீன் எந்தெந்த வீட்டுக்குப் போயிருக்கிறது என்று விசாரித்து வந்துவிட்டது போல. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, தனக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வேறு பக்கம் பார்த்தது.

நான் அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். டிக்கெட் எடுக்காதவன் இப்படித்தான் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பான். நான் விளக்குமாற்றை எடுத்ததும் நாரை பறந்துவிட்டது.

ஜூலை 24

முந்தாநாள் பழைய பாட்டு கேசட்டுகளை உடைத்து, நாடாவை உருவித் தொட்டிக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். காற்றில் அது விர்ரென்று சத்தம் போட்டுப் பளபளத்தது. நாரை நேற்று வரவில்லை. இன்று வந்து, நாடாவுக்குக் கீழே குனிந்து ஒரு மீனை எடுத்துக்கொண்டு போனது.

ஜூலை 28

இரண்டு கம்பைச் சேர்த்துக் கட்டி, என் காக்கிச் சட்டையை மாட்டி, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்துத் தொட்டிக்கரையில் நட்டுவைத்தேன். சாயங்காலம் பார்த்தால் நாரை அதன் பக்கத்தில் போய், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆளைப் போல நிற்கிறது.

அக்கா அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். "ஏல பூதலிங்கம், நீ வேலையில இருந்தப்பவும் ஒனக்கு இவ்வளவுதான் பயந்தாங்களா?"

உள்ளே வடிவு சிரித்தது எனக்குக் கேட்டது. வந்ததிலிருந்து அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். சட்டை அங்கேயே நிற்கட்டும்.

ஆகஸ்ட் 3

வாலில் ஒரு பக்கம் கிழிந்த மீன் ஒன்று இருந்தது. ஜன்னல் பக்கம் அடிக்கடி வந்து வாயைத் திறக்கும். வடிவு அதற்காகவே பொரியை எடுத்துவைத்து என்னிடம் கொடுத்துப் போடச் சொல்வாள். இன்று நான் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் நாரை அதைத் தூக்கிவிட்டது. அவள் கண்ணெதிரே. எழுந்து விரட்ட முடியாது. கையைத் தட்டியிருக்கிறாள், கத்தியிருக்கிறாள். குளித்துக்கொண்டிருந்த அக்காவுக்குக் கேட்கவில்லை.

நான் வந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். "இதுவும் தங்கல, பாத்தியளாப்பா" என்றாள்.

வலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். கடைத்தெருவைத் தாண்டியும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 4

மாடியில் புறா வராமல் கட்டுகிற நைலான் வலை கிடைத்தது. தொட்டியின் மேல் விரித்து ஓரங்களில் செங்கல் வைத்தேன். நாரை வலையின் நடுவில் வந்து நின்றது. அதன் கனத்தில் வலை தண்ணீர் வரைக்கும் தொய்ய, கண்ணி வழியாக நிம்மதியாகக் கொத்திக்கொண்டிருந்தது. நான் அதற்கு மேடை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6

நாலு மூலையிலும் மூங்கில் நட்டு, வலையை இடுப்பு உயரத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டினேன். பக்கவாட்டிலும் தொங்கவிட்டுக் கீழே கல் வைத்தாயிற்று. மீன்கள் ஒளிந்துகொள்ள உடைந்த மண்குழாய்களையும் தொட்டிக்குள் போட்டேன். நாரை மதிலில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனது. இனி வரட்டும் பார்ப்போம்.

ஆகஸ்ட் 8

மீன் குறைந்திருப்பது ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. வடிவு பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எனக்குச் சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால் அதற்கு ஏதோ வேலை இருக்கிறது என்று நினைப்பவன் நான். ஆனாலும் ஆறாம் மாதம் நெருங்குகிறது. இப்போது போய்த் தொட்டி காலியாவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் வாளியில் வைத்து உயிர்மீன் விற்பார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனேன். அப்படியும் எங்கள் தெரு ஓதுவார் பார்த்துவிட்டார். "என்ன வே, இந்தப் பக்கம்?" என்றார். காற்று வாங்க வந்தேன் என்றேன். மீன்காரர் அந்த நேரம் பார்த்து, "ஐயா, ஆய்ஞ்சு தரணுமா?" என்று கேட்டார். ஓதுவார் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார். நாளைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

வாளியில் பாதி மீன் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஓரளவு உயிரோடு இருந்த கெண்டையாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஒன்று மட்டும் தண்ணீரே இல்லாமல் சாக்கின்மேல் கிடந்தும் துள்ளிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் நீளம். இருந்துவிட்டுப் போகட்டும், எப்படியும் பிழைத்துக்கொள்கிற மீன்தான் எனக்கு வேண்டும் என்று அதையும் வாங்கினேன். வடிவு மதியம் தூங்கும்போது தொட்டியில் விட்டேன்.

அக்கா பார்த்துவிட்டாள். "ஏல, கடை மீனயா வாங்கிட்டு வந்திருக்க? அப்பா இருந்திருந்தா ஒன்னயத் தூக்கித் தொட்டியில போட்டிருப்பாரு" என்றாள். வடிவிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவள் வாளியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 19

வலை அப்படியே இருக்கிறது, கல் ஒன்றும் நகரவில்லை. மீன் மட்டும் குறைகிறது. பொடி மீன்களைக் காணவே இல்லை.

ஆகஸ்ட் 22

தண்ணீர்ப் பாம்பாக இருக்கும் என்று தொட்டியைச் சுற்றிப் பொந்துகளை எல்லாம் சிமெண்டு வைத்து அடைத்தேன். பக்கத்து வீட்டுக் கடுவன் பூனையின் மேலும் சந்தேகம்தான். மத்தியானம் முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு தொட்டிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பூனை வந்தது, என்னைப் பார்த்தது, என் நாற்காலிக்கு அடியிலேயே படுத்துத் தூங்கிவிட்டது.

நாரை மதிலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தது.

ஆகஸ்ட் 25

இன்னும் கொஞ்சம் கெண்டை வாங்கி விட்டேன். மீன்காரர் இப்போது என்னைக் கண்டதும் வணக்கம் சொல்கிறார்.

ஆகஸ்ட் 29

ஸ்கேன். டாக்டரம்மா ஒன்றும் பயமில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் முதலில் தொட்டியைப் போய்ப் பார்த்தேன்.

செப்டம்பர் 5

மாப்பிள்ளை போனில் கேட்டார். "மாமா, வடிவு எப்படி இருக்கா? என்கிட்ட நல்லா இருக்கேன்னுதான் சொல்லுதா." நல்லா இருக்கிறாள் என்று நானும் சொன்னேன். பிறகு அவருக்கு வலை கட்டுகிற விதத்தை விளக்கமாகச் சொன்னேன். பாவம், பொறுமையாகக் கேட்டார்.

செப்டம்பர் 9

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

காலையில் காப்பி கொண்டுபோனபோது வடிவு சொன்னாள். "எப்பா, கொஞ்சம் உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

அவசரமாகச் சட்டைப்பையில் போனைத் தேடினேன். "டாக்டரம்மாவுக்குப் போன் போடட்டாம்மா?"

"இல்லப்பா. மீனப் பத்தி."

போன உயிர் திரும்பி வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க வலைக்கு வெளியில திருடனத் தேடுதிய. அவன் உள்ள இருக்கான். அந்தக் குழாய்க்குள்ள நீளமா, கறுப்பா ஒண்ணு கெடக்கு பாருங்க, அதுதான் எல்லாத்தையும் முழுங்குது. நான் போட்டோ எடுத்து, மீன் சாப்பிடுத என் ஹாஸ்டல் சிநேகிதிக்கு அனுப்பிக் கேட்டேன். விராலாம். மத்த மீனத் தின்னுதான் வளருமாம்."

சாக்கின்மேல் துள்ளிய மீன். நாரைக்கு வேலி போட்டு, உள்ளே நானே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். நாலு தலைமுறையாகச் சைவம் சாப்பிட்ட வீட்டில் கெண்டை எது விரால் எது என்று யாருக்குத் தெரியும்?

"அது எப்படி இதுல வந்துது..." என்று இழுத்தேன்.

"நீங்க வாங்கிப் போட்டது எனக்குத் தெரியும்பா."

"அத்தை சொன்னாளா?"

"யாரு சொல்லணும்? நாள் முழுக்க அந்த ஜன்னலத்தான பாத்துக்கிட்டுக் கெடக்கேன். சாமி மீனு ஆளக் கண்டா பொரிக்கு ஓடியாரும். நீங்க போட்டது ஓடி ஒளியும்."

"பின்ன ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீங்க சங்கடப்படுவியளேன்னுதான்."

அவள் அதோடு விடவில்லை. காப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தெனமும் காலையில வந்து மீன் எப்படி இருக்குன்னு சொல்லுதிய. நான் எப்படி இருக்கேன்னு ஒரு நாளாவது கேட்டியளாப்பா?"

முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுவேன் என்று டிப்போ முழுக்கப் பேர் வாங்கியவன் நான். என் மகளின் முகத்தை இந்த இரண்டு மாதமாக நேராகப் பார்க்கவே இல்லை. பார்த்தால் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று பயம். அதுதான் உண்மை.

"எப்படிம்மா இருக்க?" என்று கேட்டேன்.

"பயமா இருக்குப்பா."

"எனக்கும்தாம்மா" என்றேன்.

அப்புறம் அவள் அழுதாள், நானும் அழுதேன். அவள் அம்மா போனபோதுகூட இவள் முன்னால் நான் அழுததில்லை. அக்கா வாசல்வரை வந்தவள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

"ஒண்ணு கொறஞ்சா கொறஞ்சுதுன்னு சொல்லுங்கப்பா. நான் தாங்கிக்கிடுவேன். எல்லாருமாச் சேந்து என்கிட்ட மறைக்கியள்லா, அதத்தான் தாங்க முடியல."

சரிம்மா என்று சொன்னேன்.

செப்டம்பர் 10

விரால் வேட்டை. மோட்டார் போட்டுத் தொட்டித் தண்ணீரைப் பாதிக்கு மேல் இறைத்தோம். நானும் அக்காவும் என் பழைய வேட்டியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினோம். அக்காவுக்கு அறுபத்தெட்டு வயசு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிவ சிவ என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். வடிவு ஜன்னலிலிருந்து வழி சொன்னாள். "எடது பக்கம், அத்தை. குழாய்க்குப் பின்னால. எப்பா, நீங்க அசையாதிய."

இரண்டு தடவை வேட்டிக்குள் வந்து துள்ளி வெளியே போய்விட்டது. மூன்றாம் தடவை அக்கா அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தெரியாமல்தான். அந்த இடத்திலேயே வேட்டியைச் சுருட்டிப் பிடித்தோம். முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. என் கணக்கில் சாப்பிட்ட சாப்பாடு அப்படி.

"இத என்னல செய்ய?" என்றாள் அக்கா. கொல்ல எங்கள் இருவருக்கும் கை வராது. வாளியில் மூடி போட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோய் ஆற்றில் விட்டேன். மீன்காரர் பாலத்தில் நின்று பார்த்தார். ஒரு சைவப்பிள்ளை அருமையான விராலை ஆற்றில் விடுவதைப் பார்த்து மனசு உடைந்துபோனார்.

திரும்பி வந்து பார்த்தபோது தொட்டியில் மிச்சம் இருந்தவை கொஞ்சம்தான். கொஞ்சம்தான் இருக்கிறது என்று வடிவிடம் சொன்னேன். நானும் எண்ணிப் பார்த்தேன்பா என்றாள்.

செப்டம்பர் 23

ஆறாம் மாதம் தாண்டிவிட்டது. காலையில், "எப்படிம்மா இருக்க?" என்றேன். "இடுப்பு வலிக்கி, நெஞ்சு கரிக்கி, ஒங்க அக்கா வச்ச சுண்டவத்தக்குழம்பு சகிக்கல" என்றாள். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 18

வளைகாப்பு வேண்டவே வேண்டாம் என்று இத்தனை நாள் சொன்னவள், இன்று அத்தையிடம், "சத்தமில்லாம நாலு கண்ணாடி வளையல் போட்டு விடுங்க" என்றாளாம். படுக்கையிலேயே போட்டார்கள். ஆண்பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. நான் புறவாசலில் நின்று பொரி போட்டேன். வளையல் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது.

நவம்பர் 11

மழை பிடித்துக்கொண்டது. தொட்டி தளும்பி மீன் வெளியே போய்விடாமல், வழிகிற இடத்தில் அக்காவின் மாவுச் சல்லடையைக் கட்டிவைத்தேன். அக்கா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். தெப்பக்குளத்தில் அடியில் நாலு படிதான் நனைந்திருக்கிறது, நிறைய இன்னும் நாளாகும் என்கிறார்கள்.

டிசம்பர் 4

காலையில் வலி. டாக்டரம்மா சொன்ன நாளுக்குக் கொஞ்சம் முன்னதாகவே. கார் வந்தது, மூவரும் கிளம்பினோம். மாப்பிள்ளை ரயில் ஏறிவிட்டார்.

டிசம்பர் 5

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது அக்கா மாத்திரை போட டீ வாங்கப் போயிருந்தாள். "பொம்பளையாளு யாரும் இல்லையா?" என்று கேட்டார். "நான் இருக்கேன், தாங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தார். கனமே இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. நானும் நேராகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

டிசம்பர் 6

மாப்பிள்ளை வந்துவிட்டதால், குளித்து உடை மாற்றிவர வீட்டுக்கு வந்தேன். புறவாசல் கதவைத் திறந்தால் தொட்டிக்குள் நாரை நிற்கிறது. காற்றில் இரண்டு மூங்கில் சாய்ந்து வலை ஒரு பக்கமாகச் சரிந்துகிடந்தது. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் தின்றுவிட்டுப் போகட்டும் என்று விடுகிற பெரிய மனசு எனக்கு இல்லை. கையில் இருந்த ஆஸ்பத்திரிப் பையைச் சுழற்றிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கொண்டு ஓடினேன். நாரை முருங்கைக்கு மேலே எழும்பிப் போனது.

தொட்டியில் பாதிதான் மிச்சம்.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏல, பிள்ள பெத்த ஒடம்பு. இப்ப போயி சொல்லாத. எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லு, பொறவு பாத்துக்கிடலாம்."

அக்கா சொல்வதில் நியாயம் இருந்தது. ஆற்றுப்பாலம் வரை போய்வர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. சரிந்த வலையை ஒரு கையால் தொட்டிக்கு மேலே இழுத்துவிட்டேன். பிறகு, "போன வடிவுட்ட குடு" என்றேன்.

"எப்படிம்மா இருக்க?"

"ஒடம்பெல்லாம் வலிக்கிப்பா. ஆனா நல்லா இருக்கேன். மீனு?"

"ராத்திரி காத்துல வலை சாஞ்சிட்டும்மா. நாரை வந்துட்டு. பாதி போச்சு."

குழந்தை சிணுங்கியது, அவள் தட்டிக்கொடுப்பது கேட்டது.

"பாதி இருக்குல்லா?" என்றாள்.

"இருக்கும்மா."

"அப்பம் மூங்கில நல்லா ஆழமா நடுங்கப்பா. நான் வந்து பாக்கேன். இவளுக்கும் காட்டணும்."

கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். மழையில் மண் இளகிக் கிடந்தது, நன்றாக இறங்கியது.